எச் இல்லாத தம்பிராசா

மருதனார்மடத்தில் பஸ் ஏறிய புருசனும் பெண்சாதியும் எனக்கு முன்சீற்றில் இருந்தார்கள். தம்பிராசா என்பவரின் மா அரைக்கும் மெசினுக்கு முற்பணம் கொடுக்கப் போகிறார்களாம்.

“மெசினை அவர் ஒரு இடமும் ஈடு வைக்கேல்லை. பதிவுக் கந்தோரிலை பேரைக் குடுத்து ஈட்டுப் பதிவுகளைத் தேடினனான்,” என்றார் புருசன்.

“இங்கிலீசிலை எப்பிடி எழுதினனீங்கள்? கடைசியிலை எச் போட்டனீங்களோ?”

“எச் என்னத்துக்கு? கூப்பிடேக்கை உமக்குக் கேக்கிறதே?”

“தன்ரை மகளின்ரை கலியாண அழைப்பிதழிலை அவர் எச் போட்டவர். ஒரு எழுத்து மாறினாலும் பதிவு வராது. எச் இல்லாத தம்பிராசாவுக்கு ஈடில்லைத்தான். எச் உள்ளவருக்குக் கிடக்கோ எண்டு ஆர் பாத்தது?”

சிரிப்பை அடக்க நான் யன்னல் பக்கம் திரும்பினேன். அவர் கொண்டக்டரிடம், “தம்பி, கந்தோரடியிலை இறக்கம்,” என்றார்.

பெண்சாதி கையை நீட்டினாள்.

“காசை இங்கை தந்திட்டுப் போங்கோ. எச்சோடை தேடிப்போட்டு வந்து வாங்குங்கோ.”