ஃபியூஸ் இல்லாத வயர்

சத்தமாகப் பாட்டுக் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. என் பிழைப்பு அவர்களால்தான் ஓடுகிறது.

தங்கச்சியின் கணவரும் அப்படித்தான். கார் வாங்கியதும் நேராக என் பட்டறைக்கு வந்தார். டிக்கி முழுக்க ஸ்பீக்கர் வேண்டுமாம். வண்டியோடு வந்த, கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் தாங்காது, பாட்டு அதிரும்போதெல்லாம் முகப்பு விளக்கு மங்கும் என்றேன்.

"என் காராவது கண்ணடிச்சிட்டுப் போகட்டும் மச்சான். உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கத்தான் ஆளே இல்லையே," என்றார். தங்கச்சி சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரிய ஆல்டர்னேட்டர் போட்டேன். இன்னொரு பேட்டரி வைத்தேன். விரல் தடிமனுள்ள வயரை இன்ஜின் பக்கமிருந்து நடுத் தகட்டைத் துளைத்து உள்ளே இழுத்தேன். அப்போதுதான் சொன்னார், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாம். அதுவரை இருவரும் என் வீட்டு மாடியில் இருந்தார்கள். அம்மா போனபின் எனக்குச் சோறு போட்டவள் தங்கச்சிதான். தெரியாத ஊரில் தனியாக என்ன செய்வாள் என்று யோசித்தேன்.

"ஏண்ணா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? கூப்பிட்டா வந்துடப் போறேன்," என்றாள்.

பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வைப்பது எங்கள் தொழிலில் முதல் வேலை. வயர் எங்காவது தகட்டைத் தொட்டால் ஃபியூஸ் போகும், வண்டி தப்பும். துளையின் விளிம்பு வயரை அறுக்காமலிருக்க ரப்பர் வளையமும் போடுவோம். நான் இரண்டையும் போடவில்லை. மிச்சத்தைப் பாட்டு பார்த்துக்கொள்ளும். அதிர அதிர வயர் தேயும்.

வீடு பார்க்க அவர் தனியாகப் போவதாகத்தான் பேச்சு. கடைசி நேரத்தில் தங்கச்சியும் ஏறிக்கொண்டாள். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

வழியில் வண்டி தீப்பிடித்தது. அவர் வெளியே வரவில்லை. அவரை இழுக்கப் பார்த்ததில் அவளுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டன.

கவனக்குறைவு என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். என் தொழிலில் நான் ஃபியூஸை மறந்ததே கிடையாது.

இப்போது அவளுக்கு நான்தான் ஊட்டிவிடுகிறேன். வாயைத் திறக்கிறாள், பேசுவதில்லை. பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதி. கையெழுத்து எங்கே என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன், அவள் சாப்பிடும் நேரமாகிறது.