டேல் பெயரில் ஒரு நன்கொடை

கேக்கில் இனிப்பு தூக்கலாக இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், ஐயா. இந்த டி மாயின் நகரத்தில் என் கேக்கைக் குறை சொன்ன ஒரே ஆள் டேல் கிட்டில்சன்தான். அவரைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள்?

எங்கள் நிதி நிறுவனம் திரட்டும் தேர்தல் நிதிக்கு ஊழியர்கள் கொடுப்பது கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்று வருடா வருடம் சிரித்த முகத்தோடு சொல்லி வசூலிப்பது என் பொறுப்பு. கொடுத்தவர்களுக்குக் கோட்டில் குத்திக்கொள்ள ஒரு சின்னப் பொன்னிறக் கொடி. எங்கள் மாடியில் டேலின் கோட்டு மட்டும் மொட்டையாக இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன லோர்னா மேடம், இன்னும் உண்டியல் குலுக்கி முடியலையா? கேக்கை மட்டும் ஒழுங்கா சுட்டீங்கன்னா, பாவம்னு நானும் ரெண்டு காசு போடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கோபமெல்லாம் இல்லை. மனிதர் இப்படித் தனியாக நிற்கிறாரே என்றுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

அதனால் அவர் பெயரில் நானே கொடுத்துவிட்டேன். கடையில் ரொக்கம் கொடுத்துப் பணம் ஏற்றிய பரிசு அட்டை வாங்கி, இணையத்தில் நன்கொடைப் பக்கத்தைத் திறந்து அவர் பெயர், விலாசம், வேலை எல்லாம் தட்டினேன். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பிஸ்கட் கொண்டுபோகிறவளுக்கு விலாசம் தெரியாதா? கடை கேமராவில் என் தொப்பி நன்றாக விழுந்திருக்கிறதாமே, சந்தோஷம்.

பணம் போனது, மறுபடியும் தேர்தலில் நிற்கும் மாநிலப் பொருளாளருக்கு. அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தை எங்களிடம் ஒப்படைத்திருப்பவர் அவர். அதைப் பார்த்துக்கொள்பவர் டேல். அந்த இடத்தில் இருப்பவர் பொருளாளருக்கு அள்ளிக் கொடுத்தால், அந்தப் பணத்தைப் பார்த்துக்கொள்வதற்கு நிறுவனம் இரண்டு வருடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. பெரிய நிறுவனம், தாங்கும்.

யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை எவரும் இணையத்தில் பார்க்கலாம். பார்த்தார்கள்.

"சத்தியமா நான் குடுக்கலைங்க!" என்றார் டேல்.

"அரசியலே வேணாம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, கமுக்கமா குடுத்திருக்கியேய்யா!" என்றார் மேலாளர் ப்ரூஸ்.

அன்றே வேலை போயிற்று. மனைவி கார்லாவின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இருந்த காப்பீடும் அதோடு போயிற்று. முதல் ஆளாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனவள் நான்தான். "நீங்க ஒருத்தராவது வந்தீங்களே" என்று டேல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

விதி தெரியாமல் செய்தேன் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்கிறீர்கள். வேண்டாம், பொய் எதற்கு? அந்த விதியை ஜனவரிதோறும் ஊழியர்களுக்குப் பாடம் நடத்துவதே நான்தான். பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சாப்பாட்டு மேசைச் சமாச்சாரத்தை அன்றே மறந்துவிட்டேன். யார் யார் சிரித்தார்கள் என்பதுகூட நினைவில்லை. ஜூடி மட்டும் மூக்கால் சிரித்தாள்.