சீதேவிப்பிள்ளையின் வட்டை

இந்தப் போகம் வெள்ளாமை நன்றாக விளைந்திருக்கிறது, ஐயா. ஜீப்பில் வரும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழுகாமத்தில் அந்த வட்டையைப் போல ஈரம் பிடிக்கிற வயல் வேறில்லை. மீசை முளைக்கும் முன்பே அதில் ஏர் பிடித்தவன் நான்.

ஆனால் அது என்னுடையதில்லை. எங்கள் வழமைப்படி தாயின் காணி மகளுக்கு. தங்கைக்குக் கலியாணமாகும்வரை அண்ணன் பார்ப்பான். பிறகு வீட்டோடு வரும் மாப்பிள்ளை பார்ப்பார். இதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. என் தங்கை சீதேவிப்பிள்ளைக்கு வந்த சம்பந்தங்கள் தட்டிப்போனபோது மிகவும் வருந்தினேன், இரண்டொன்றை நானே தட்டிவிட்டிருந்தாலும்.

கடைசியில் வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்பவர் ஒருவர் சரிவந்தார். அவள் சோறு போட்டபடியே சொன்னாள்: "அவருக்கு வெள்ளாமை பழக்கமில்ல அண்ணன். நீங்களும் கூடமாட நில்லுங்க."

கூடமாட. நான் வரம்பு கட்டிய வயலில். அது எனக்குச் சுட்டது, மறைக்கமாட்டேன்.

கூறைச்சேலை எடுக்க அவளைத் தோணியில் மட்டக்களப்புக்கு நான்தான் கூட்டிப்போனேன். திரும்பும்போது நடு வாவியில் காற்று எழும்பியது. நான் ஒரு பக்கமாக நின்றேன், தோணி சரிந்தது, அவள் விழுந்துவிட்டாள். நீச்சல் தெரியாது. கோலை இறுகப் பிடித்துக்கொண்டாள். கோல் இல்லாமல் தோணியைக் கரைசேர்க்க முடியாது. ஆகவே அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கினேன். சேலை நனையவில்லை.

அவளுடைய முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்து ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். இனி வட்டை எனக்குத்தான் என்றிருந்தேன். "தாய்க் காணி பொம்புள வழிக்குத்தான் தம்பி" என்று சொல்லி, அதைச் சின்னம்மாவின் மகள் வள்ளிப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் புருஷனோடு வந்து குடியேறினாள். அவளும் நல்லவள். நேற்று எனக்குக் கஞ்சி ஊற்றித் தந்து, "அண்ணன், எங்கட ஆளுக்குக் கூடமாட நில்லுங்க" என்றாள்.

அவளுக்கு நன்றாக நீந்தத் தெரியும், ஐயா. வெள்ளாமை வெட்டுகிற கத்திதான் கைக்கு எட்டியது.

உள்ளே ஏணையில் அவளுடைய பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வழமைப்படி வட்டை இனி அதற்கு. வழமையை நான் மதிக்கிறவன். குழந்தை சிணுங்கியது, கையைக் கழுவிவிட்டு வந்து ஏணையை ஆட்டிவிட்டேன்.

அதன் தகப்பனுக்கு ஒரு வரம்பு கட்டவும் தெரியாது. அந்தப் பிள்ளை வளர்ந்து கலியாணம் முடிக்கும்வரை வட்டையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே, ஐயா. என்னை எப்போது விடுவீர்கள்?