மூணு விசில்

கிழக்கேகோட்டையிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு தம்பதி. இருவர் மடியிலும் மலையேற வாங்கிய புதுப் பைகள்.

"இதிலே விசிலும் இருக்காக்கும்" என்று நெஞ்சுப் பட்டையின் கொக்கியைக் காட்டினார் கணவர்.

"எதுக்கு?"

"நாம போற போனக்காட்டுக் காட்டிலே போனுக்கு ரேஞ்ச் கிடையாது. வழி தவறினா மூணு விசில் அடிக்கணும். கேக்கறவா ஓடி வருவா. மனசிலாச்சா?"

மனைவி கொக்கியை மெல்ல ஊதிப் பார்த்தார்.

"நான் அடிச்சா நீங்க வருவேளா?"

"பின்னே?"

"ஆத்துலே குக்கர் தினமும் மூணு விசில் அடிக்கறது. 'அணைச்சுடுங்கோ'ன்னு சொல்லிட்டுத்தான் குளிக்கப் போறேன். ஒரு நாளாவது எழுந்து போனேளா?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"அப்போ வழி தவறறது நீங்களா இருங்கோ. எனக்குக் காது கேக்கும்."