பரவால்லீங்க

எங்கள் கோவைப் பக்கத்து ஆட்கள் மரியாதைக்காரர்கள் என்பதை விசாரணைக் குழு முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். டவுன் பஸ்ஸில் யாராவது காலை மிதித்துவிட்டால், மிதிபட்டவர் “பரவால்லீங்க” என்பார். மிதித்தவர் இறங்கிப் போன பிறகுதான் குனிந்து நகம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

தம்பிதுரை உடுமலைப்பேட்டைக்காரன். நம் கல்லூரிக் கபடி அணியின் முதல் ரைடர். நான் இரண்டாவது. அதாவது, அவன் பாடிப் போய்த் தொட்டு வரும்போது கைதட்டுபவன். விடுதியில் மூன்று வருடமாக ஒரே அறை.

போன மாதம் பயிற்சியில் ஒருவனுடைய முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. எழுந்தவன் நேராக எதிரணிப் பக்கம் போய், அவர்களோடு கைகோத்து நின்றுகொண்டான். எல்லோரும் சிரித்தோம். டாக்டர் சிரிக்கவில்லை. மூளை அதிர்ந்திருக்கிறது, ஸ்கேனில் தெரியாது, முழுதாகத் தேறும் முன் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். முதலில் ஓய்வு, பிறகு நடை, ஓட்டம். தலைவலியோ மயக்கமோ வந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். மோதல் உள்ள ஆட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

அவர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவன் நான்தான். ஒரு வார்த்தை மறக்கவில்லை. எனக்குத் தலையில் அடி படவில்லையே.

அவன் இடத்தில் நான் ஆடி இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். கோச் தனபால் சார் முதுகில் தட்டி, “தம்பிதுரை வர்ற வரைக்கும் இப்படியே ஓட்டிப்போட்டாப் போதும் கண்ணு” என்றார். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அம்மா அரிசிம்பருப்புச் சாதம் கொடுத்தனுப்பினார். கூடவே போனும் வந்தது.

“ஏங்கண்ணு, அந்தப் பையனுக்குத் தலைவலி தேவலையா?”

“அம்மா, நேத்து பதினாலு பாயிண்ட் எடுத்தேன்.”

“செரி செரி. அவனுக்கு நெய் ஊத்திக் குடுத்தியா?”

குடுத்தேன். படுத்திருப்பவனை யாராலும் தோற்கடிக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். அவன் களத்துக்கு வர வேண்டும். நாலு பேர் பார்க்கத் தடுமாற வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

பிசியோ ஹுமேரா மேடம் வாணியம்பாடிக்காரர். கோவைக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. தினமும் அவனிடம் எட்டுக் கேள்வி கேட்டு, தாளில் மதிப்பெண் போடுவார். தொந்தரவு இல்லையென்றால் பூஜ்யம்.

“தலை எப்படி இருக்கு?”

“பரவால்லீங்க மேடம்.”

“வெளிச்சம் கூசுதா?”

“பரவால்லீங்க.”

முதல் இரண்டு நாள் அவர் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். மூன்றாம் நாள் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

“மோகன்குமார், இந்தப் பரவால்லீங்க எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. நல்லா இருக்குங்கிறாரா, தாங்கிக்கிறேங்கிறாரா?”

நல்ல கேள்வி. அன்று காலைதான் அவன் என் போர்வையை எடுத்து ஜன்னலை மூடியிருந்தான். இரண்டு முறை வாந்தி. இன்றைக்கு என்ன கிழமை என்று மூன்று முறை கேட்டான். பிறகு, “உன்ற தூக்கத்தைக் கெடுத்துப்போட்டேன்டா” என்று வருத்தப்பட்டான்.

“நல்லா இருக்குன்னு அர்த்தங்க மேடம்” என்றேன்.

அவர் கேள்விக்குறிகளை அழித்துப் பூஜ்யம் போட்டார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் பூஜ்யம்தான். டாக்டர் தாளைப் பார்த்தார், ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

சரவணம்பட்டியில் இறுதி ஆட்டம். ஷூ லேஸ் கட்டும்போது தம்பிதுரை சொன்னான்: “டேய், ஆளு ரெண்டு ரெண்டாத் தெரியுது. சார்கிட்டச் சொல்லிப்போடட்டுமா?”

“இந்நேரத்துல சொன்னா சார் சங்கடப்படுவாருடா” என்றேன்.

அவனிடம் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. அடுத்தவரைச் சங்கடப்படுத்துகிற வளர்ப்பு இல்லை அவனுடையது.

மூன்றாவது ரைடில் பிடித்தார்கள். பெரிய பிடி ஒன்றுமில்லை. தலை விரிப்பில் லேசாகப் பட்டது. பிடித்தவன், “அடி பட்டுருச்சுங்களா?” என்று குனிந்து கேட்டான்.

“பரவால்லீங்க” என்றான் தம்பிதுரை. உட்கார்ந்தான். சாய்ந்தான். மூளை வீங்கி மூன்றாம் நாள் இறந்தான்.

ஹுமேரா மேடத்தை வேலையை விட்டு நிறுத்தியிருப்பதாக அறிந்தேன். அவர் மேல் தவறு இல்லை. அவர் கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டார். அர்த்தம் தெரிந்தே மாற்றிச் சொன்னவன் நான். இதை யாரும் வற்புறுத்தி எழுதி வாங்கவில்லை, மனசாட்சிக்காக எழுதுகிறேன்.

நேற்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவரில் தம்பிதுரையின் படத்தை மாட்டி, அதன் எதிரிலேயே பத்து நாளாக உட்கார்ந்திருந்தவர், கடைசி வரை கேட்டார். பிறகு படத்திலிருந்து முகத்தைத் திருப்பினார். வெகுநேரம் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.