வெள்ளிக்கிழமை விளக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம், காஞ்சிபுரம் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

"இன்னிக்கு எங்க வீட்ல சாமி விளக்கே ஏத்தக்கூடாதுக்கா."

வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் இப்படிச் சொல்கிறாளே என்று நினைத்தேன்.

"ஏம்மா, தீட்டா?" என்றாள் பக்கத்துப் பெண்.

"டைல்ஸ் போடணும்னு பழைய பிளாஸ்டிக் விரிப்பைப் பிச்சோம். தரையில ஒட்டின பசை போகல. மத்தியானம் பெட்ரோல் ஊத்தித் தேய்க்கறேன்னாரு வீட்டுக்காரரு. சாமி மாடம் அந்த ரூம்லதான் இருக்குது."

"ஜன்னலத் தொறந்து வச்சிருப்பாரா?"

"எங்கக்கா? தறியில பட்டு இருக்குது, தூசி படும்னு எல்லாத்தையும் சாத்திக்கினுதான் செய்வாரு. பெட்ரோல் ஆவி ரூம்லயே நிக்கும்."

"பொண்ணு வீட்லதானே இருக்குது?"

"நான் வர லேட்டானா நீயே விளக்கு ஏத்திடுன்னு காலையில சொல்லிட்டு வந்துட்டேன்க்கா. இப்பதான் நெனப்பு வருது."

நிறுத்தம் வர நேரமிருந்தும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். வெளியே கடைகளில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

காமாட்சித் தாயே, இன்றைக்கு மட்டும் அந்த வீட்டில் உனக்கு விளக்கு வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.