அம்மையப்பன் சொல்லாமல் ஆடிய ஆட்டம்

மேடையில் வீற்றிருக்கும் கம்பெனி மேலாளர் அவர்களே, சோஹார் நகரத்துத் தமிழ்ப் பெரியோர்களே, வெள்ளிக்கிழமை லீவுத் தூக்கத்தை விட்டு இந்த கேம்ப் மெஸ்ஸில் வந்து நிற்கும் என் சொந்தங்களே! வணங்குகிறேன். என் குரல் கேட்காத மைதானம் ஓமானில் கிடையாது. மைக்கே என்னைக் கண்டு நடுங்கியதுண்டு. இன்று நான் நடுங்குகிறேன்.

சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் நம் கூடைப்பந்து அணியின் சரித்திரத்தைச் சொல்ல, அதன் மேனேஜரான என்னை விட்டால் ஆள் ஏது? முதல் நட்சத்திரம் மரியராஜ், குமரிக் கடற்கரைக்காரன். ஒருமுறை எகிறிப் போய் வளையத்தைப் பிடித்துத் தொங்கினான். இடைவேளை விசில் ஊதியும் இறங்கவில்லை, சாயாவைக் காட்டித்தான் இறக்கினோம். அடுத்தவன் முகம்மது சித்தீக், இதோ முன்வரிசையில் இருக்கிறான். இவன் தூரத்திலிருந்து பந்தை எறிந்தால், அது வலையில் விழுமுன்பே எதிரணி பஸ்ஸில் ஏறிவிடும். இவர்களுக்கெல்லாம் மேலே யார்? நம் கேப்டன், மாவீரன் அம்மையப்பன்! சவுதியில் அல் கோபார் போட்டியில் கண்ணை மூடிக்கொண்டு பாதி மைதானத்திலிருந்து போட்டான். அந்த ஊர்ப் பயிற்சியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவன் மனிதனா மெஷினா என்று கேட்டார். மெஷின் என்றேன்.

மெஷினுக்கு நெஞ்சு வலிக்குமா?

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் பந்து கேட்டுக் கை நீட்டினான். பந்து போனது, ஆள் மடங்கி விழுந்துவிட்டான், ஆஸ்பத்திரி போகுமுன்பே உயிர் போய்விட்டது. நாள்பட்ட பிரஷர் என்றார் டாக்டர். நாள்பட்டதா? போன மாதம்தானே விசாவுக்கான மெடிக்கலில் பாஸானான்?

எப்படிப் பாஸானான்? இந்த கேம்பில் யாருக்குத் தெரியாது? மெடிக்கல் நெருங்கினால் உப்பில்லாக் கஞ்சி. பக்கத்து ரூமில் கைமாற்றாகப் பிரஷர் மாத்திரை. சர்டிபிகேட்டில் சீல் விழுந்ததும் பிரியாணி. அத்தோடு மாத்திரை கலாஸ், நிறுத்தியாச்சு. 'அன்ஃபிட்' என்று எழுதினால் விசா போகும், ஊருக்கு டிக்கெட் வரும். யாருக்கும் பயப்படாத அம்மையப்பன் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தான்.

நேற்று அவன் மனைவி நாகவள்ளி ஊரிலிருந்து போனில் கேட்டாள்: "அண்ணே, நெஞ்சு வலிக்குதுன்னு உங்ககிட்டயாச்சும் சொன்னாரா?"

எதற்கும் ஒரு கதை வைத்திருப்பவன் நான். அவளிடம் மட்டும் கதை விடவில்லை. இல்லம்மா என்றேன்.

"அப்ப இன்னும் யார் யாரு சொல்லாம இருக்காங்கன்னு கேளுங்கண்ணே."

கேட்கிறேன், தம்பிகளே. யார் யார்? ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்? ராத்திரி படுத்தால், மேல்கட்டிலில் தூங்குகிறவனுக்கு மூச்சு வருகிறதா என்றுதான் என் காது போகிறது. எனக்கே இடது தோளில் ஒரு வலி இருக்கிறது. நோயா, பயமா, தெரியவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. மேலாளர் அவர்களே, சபை நடுவில் கேட்கிறேன்: அன்ஃபிட் என்று வந்தவனை ஊருக்கு அனுப்பாமல், மருந்து கொடுத்து வைத்துக்கொள்வீர்களா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சரி, யோசியுங்கள். அதற்குள் அணியின் முடிவை அறிவித்துவிடுகிறேன். அம்மையப்பன் விட்ட இடத்திலிருந்து அணியை நடத்தப் போகிறவன் சித்தீக். வா தம்பி, கேப்டன் சட்டையை வாங்கிக்கொள்.

என்னப்பா, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்? ஏசி ஓடுகிறது, உனக்கு ஏன் இப்படி வேர்க்கிறது? ஒண்ணுமில்ல மாமா என்று சொல்லாதே. சொல்லாதே! கையை எடு, எங்கே வலிக்கிறது? நெஞ்சிலா?

உட்கார். அவனை நடக்க விடாதீர்கள். பெரியோர்களே, மௌன அஞ்சலி பிறகு, கேப்டன் உறுதிமொழி பிறகு. மேலாளர் அவர்களே, உங்கள் காரை வாசலுக்கு வரச் சொல்லுங்கள், ஜல்தி. அன்ஃபிட் என்று எழுதுவார்களே என்றா பார்க்கிறாய், சித்தீக்? எழுதட்டுமடா. உயிரோடு இருக்கிறவனைத்தான் அப்படி எழுத முடியும்.